உம் கொட்ட நாலு பேர்

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். "அக்கா, நானும் இப்படி ஏதாவது எழுதணும்னு இருக்கேன். நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?" கல்லாவுக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் தாளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் 19 வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். 2022 ஜனவரியில் என் முதல் தாளைப் போட்டேன். ஒரே ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும் அச்சு, நடுவில் ஒரு மடிப்பு. மடித்தால் நாலு சின்னப் பக்கம் வரும். அதில் நான் எழுதிய ஒரு விஷயம். மொத்தம் 12 பிரதி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை 12 பேர் கைக்குப் போய்விடும். அன்று முதல் இன்று வரை அந்த அளவை நான் மாற்றவில்லை.

ஆரம்பிக்கிறவர்கள் முதலில் அளவைத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பேன். தலைப்பு, பெயர், படம் எல்லாம் அப்புறம். 12 பாயிண்டில், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அடித்தால், அந்த நாலு பக்கத்தில் ஏறக்குறைய 500 சொல் பிடிக்கும். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மாதத்துக்கு 500 சொல் எழுத முடியும். 2,000 சொல் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். செலவும் பெரிதில்லை. என் கடைக் கணக்கில் இரண்டு பக்க நகல் 3 ரூபாய், 12 பேருக்கு 36 ரூபாய்.

முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று தாளுக்கான எழுத்து கையில் இருக்கட்டும். முதல் மாதம் கொடுத்ததும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை எழுத உட்கார்ந்தால் கை வராது. எனக்கு வரவில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரண்டு தாள்தான் அந்த இரண்டு மாதமும் என்னைக் காப்பாற்றியது.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து வைக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நீங்கள் எழுதியது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கடை ஆரம்பித்த புதிதில் நான் அடித்து வைத்த எத்தனையோ பக்கம் இன்று அப்படித்தான் இருக்கிறது. எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து மாறாமல் தெரிவதற்கான பொது முறைதான் யூனிகோடு. தமிழக அரசே 2010-இல் அதற்கு மாறிவிட்டது. போனில் அடித்தாலும் சரி, கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தாலும் சரி, யூனிகோடில் இருந்தால் இருபது வருஷம் கழித்தும் பிரித்துப் படிக்கலாம்.

எதை எழுதுவது? என் முதல் முயற்சிக்கு "என் வாழ்க்கைப் பயணம்" என்று தலைப்பு வைத்து ஆறு பக்கம் எழுதினேன். பிறந்தது, படித்தது, கல்யாணம், கடை என்று எல்லாம் வரிசையாக இருந்தது. திரும்பப் படித்தபோது அது யாருடைய வாழ்க்கையாகவும் இருக்கலாம் என்று பட்டது. கிழித்துப் போட்டுவிட்டு, அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து (தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சாயங்காலம் வீட்டுக்கு வரும் அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எழுதினேன். தெருமுனையில் அவள் தலை தெரிவது, நாங்கள் ஓடுவது, தூக்குவாளியைத் திறப்பது. அதுவே 500 சொல்லைத் தாண்டிவிட்டது. முதல் மூன்று தாளுக்கு உங்கள் கண்ணால் பார்த்த, கையால் தொட்ட ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்துச் சொல்லும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். யாருக்குக் கொடுப்பது?

பிரியமானவர்கள் எல்லாருக்கும் கொடுக்கத்தான் மனசு துடிக்கும். நான் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் "இவருக்கு என்ன தெரியும்?" என்று எழுதிப் பார்த்தேன். அதில் எதுவும் எழுத வராத பெயர்களை அடித்துவிட்டேன். மிஞ்சினவர்களில் நாலு பேரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு யாரைத் தேடவேண்டும் என்று புரியும்.

ஒருவர் என் மதினி. 22 வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். நான் எழுதும் உலகம் அவள் கைக்குள் இருக்கிறது. இரண்டாவது ஆள், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. விலைவாசியும் தேதியும் அவர் மனசில் கல்வெட்டு மாதிரி நிற்கும். மூன்றாவது, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஐயா. நாலாவது, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள். எங்கள் ஊர்ப் பேச்சும் இந்த வேலைகளும் தெரியாமல் வளர்ந்தவள். அவளுக்குப் புரியவில்லை என்றால் வெளியூரில் யாருக்கும் புரியாது என்று வைத்துக்கொள்வேன்.

பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேரையும் ஒரு மாதத்துக்குள் நேரில் பார்த்தோ போனிலோ பேசிவிடலாம். ஐம்பது பேருக்குக் கொடுத்தால் கொடுக்கத்தான் முடியும், கேட்க முடியாது. தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நூறு பேர் பார்ப்பார்களே என்று அண்ணன் மகள் சொன்னாள். ஒரு மாதம் போட்டும் பார்த்தேன். கும்பிடு, கட்டைவிரல், பூங்கொத்து என்று 34 படம் வந்தது. எந்த வரி நன்றாக இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. குழுவில் சொன்னால் எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம் எல்லாருக்கும் உண்டு. தனியாகக் கையில் கொடுத்தால் தனியாகச் சொல்வார்கள்.

கொடுக்கும்போது "எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், "நல்லா இருக்கு". முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த தாளை எழுத முடியாது. குறை சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாத கேள்வியாகக் கேட்க வேண்டும். நான் கேட்பது மூன்றுதான். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி வேறு வேலை பார்த்தீர்கள்? எதைத் திரும்பப் படித்தீர்கள்? இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்தது?

முதல் கேள்விக்கு யாரும் சங்கடப்படாமல் பதில் சொல்வார்கள். "குக்கர் விசில் அடிச்சுது, எந்திரிச்சுப் போனேன், அப்புறம் எடுக்கல" என்பார்கள். சரி, எந்த வரியில் எழுந்து போனார்கள் என்று பார்ப்பேன். பிடித்த இடமாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முடித்திருப்பார்கள்.

வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். தாளோடு ஒரு பென்சிலும் கொடுங்கள். பேனா கொடுத்தபோது யாரும் எழுதவில்லை. அச்சடித்த தாளில் பேனாவால் எழுதுவது தப்பு என்று நினைத்தார்கள். பென்சில் என்றால் அழித்துவிடலாம் என்ற தைரியம் வருகிறது. புரியாத வரிக்கு ஒரு வளைகோடு, பிடித்த வரிக்கு ஒரு புள்ளி, நிறுத்திய இடத்தில் ஒரு நேர்கோடு. இதைப் போடச் சொன்னால் போதும். வாக்கியமாக எழுதச் சொன்னால் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள்.

என் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. என் சித்தி. அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். எழுதுவதைப் பற்றி அவளிடம் கற்ற அளவுக்கு வேறு யாரிடமும் நான் கற்கவில்லை.

முதல் தாளை வாசித்த நாள் இன்றும் அப்படியே கண்ணில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சித்தி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் புளியைப் பரப்பி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். சின்ன வயசில் கதை கேட்கும்போது நாங்கள் உம் கொட்டுவோமே, அதே மாதிரி ஒவ்வொரு வரிக்கும் "ம்" சொல்லிக்கொண்டே வந்தாள். தெருமுனையில் அம்மா தலை தெரிந்தது, "ம்". நாங்கள் ஓடினோம், "ம்". அடுத்த பத்தியில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதியது. அதை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் "ம்" நின்றுவிட்டது. மூன்றாவது வரியில், "இந்தப் புளியில பூச்சி இருக்கு பாரேன்" என்று முறத்தைச் சாய்த்துக் காட்டினாள். நான் நிறுத்தாமல் வாசித்தேன். அம்மா தூக்குவாளியைத் திறந்து, எங்களுக்காக மிச்சம் வைத்திருந்த வடையை எடுக்கும் இடம் வந்தது. சித்தியின் கை நின்றது. "என்ன வடை? உளுந்த வடையா, ஆமவடையா?" என்று கேட்டாள்.

நான் வெறுமனே வடை என்றுதான் எழுதியிருந்தேன். ஆமவடை. மத்தியானமே ஆறிப்போயிருக்கும். அம்மா அதை நாலாகப் பிய்ப்பாள். ஓரத்தில் கடிபடும் மொறுமொறுப்பான துண்டு தம்பிக்கு. இதெல்லாம் சித்தி கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. எட்டு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வடையை எழுதினேன். அடுத்த வாரம் திருத்தியதை வாசித்தபோது முழுக்க உம் கொட்டினாள்.

அதனால் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் விட்டுவிடாதீர்கள். வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், காதை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள். உம் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே போங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொல்லித்தான் புரியவைக்க முடிகிறது என்றால் அந்த விளக்கம் தாளில் இருக்க வேண்டியது.

சொல்வதைக் கேட்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. எதிர்த்துப் பேச வாய் தானாகத் திறக்கும். "நான் என்ன நினைச்சு எழுதினேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டால், அந்த ஆள் அடுத்த மாதம் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் கேட்டதும் நோட்டில் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்வேன். எழுதும்போது பேச முடியாது என்பது ஒரு வசதி. தன் பேச்சை ஒருத்தி எழுதிக்கொள்கிறாள் என்று பார்த்ததும் அவர்களும் இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள். பிறகு மூன்று நாள் அந்த நோட்டைத் தொடமாட்டேன். முதல் நாள் படித்தால் கோபம் வரும், மூன்றாம் நாள் படித்தால் வேலை தெரியும்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. அவர் எதற்காகப் பட்டியலில் இருக்கிறாரோ அந்த விஷயத்தில் அவர் சொன்னால் கேளுங்கள். மற்றதில் நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் மறுபேச்சு இல்லாமல் அந்த இடத்தை மாற்றி எழுதிவிடுவேன்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று, அம்மா "குச்சி அடுக்கினாள்" என்று எழுதியிருந்தேன். மதினி அந்த வரியில் வளைகோடு போட்டுவிட்டாள். "குச்சியா? கட்டை அடுக்குறதுன்னு சொல்லு. குச்சி அடுக்கினேன்னு எவ சொல்லுவா?" என்றாள். உடனே மாற்றினேன். அண்ணன் மகளுக்குக் கட்டை என்றால் விறகுக்கட்டை என்று தோன்றியது. அதனால் மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசை வரிசையாக அடுக்கும் வேலை என்று ஒரு வரி சேர்த்தேன். சொல் மதினியுடையது, விளக்கம் அண்ணன் மகளுக்காக. இரண்டு பேரும் பட்டியலில் இருந்ததால்தான் அந்த வரி சரியாக வந்தது.

ஐயாவோடு வேறு மாதிரி. ஒற்றுப்பிழை அத்தனையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுப்பார், மறுக்காமல் திருத்துவேன். தொல்காப்பியமே பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் முன்னுரையான பாயிரம் சொல்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் அவர்தான். குறை சொல்ல ஓர் ஆளை எதிரில் உட்காரவைப்பது நமக்கு அவ்வளவு பழைய வழக்கம் என்று கேட்டபோது எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அவரே "தீப்பெட்டி ஆபீஸ்" என்பதை "தீப்பெட்டி அலுவலகம்" என்று மாற்றச் சொன்னார். அதை மட்டும் மாற்றவில்லை. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் வேலை நடக்கும் இடமே அதுதான். அலுவலகம் என்று எழுதினால் மேசை நாற்காலி போட்டுக் கோப்புப் பார்க்கும் இடமாகிவிடும். இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இந்தக் கரிசல் சீமைச் சொற்களைச் சேர்த்து 1982-இல் அகராதியே கொண்டுவந்தார். அதை ஐயாவிடம் ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "சரி, அது உன் அம்மா சொன்ன சொல்லு, இருக்கட்டும்" என்றார்.

திருத்தியதைத் திருப்பிக் காட்டுவதும் உங்கள் கடமை. தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, "போன மாதத் திருத்தம்" என்று போடுகிறேன். தீப்பெட்டி 2 ரூபாய் ஆனது 2020-இல் என்று ஒரு தடவை எழுதிவிட்டேன். அண்ணாச்சி கடையிலிருந்தே சத்தம் போட்டார். "2021 டிசம்பர் ஒண்ணாந்தேதிம்மா. அதுக்கு முன்னால 2007-ல அம்பது பைசா ஒரு ரூபா ஆச்சு. பதினாலு வருஷம் ஒரே வெல." அடுத்த மாதக் கட்டத்தில் அதை அப்படியே போட்டு, சொன்னவர் எங்கள் தெரு அண்ணாச்சி என்றும் எழுதினேன். அந்தத் தாளை அவர் கடையில் எண்ணெய் டின்னுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வராத மாதமே இல்லை. சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் மறுபடி சொல்வார்கள்.

ஒரு விஷயத்தில் நான் பெரிய தப்புச் செய்தேன். ஏழாவது தாளில், அப்பா வட்டிக்கு வாங்கியதையும் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அடகுக்குப் போனதையும் எழுதினேன். உண்மைதான், ஒரு சொல்கூட மிகை இல்லை. ஆனால் அண்ணனிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன். அந்தக் கடனை அடைக்கப் பதினாறு வயசில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவன் அவன். "அது என் கதையும்தானே? என்னைக் கேட்டியா?" என்று ஒரு வரி கேட்டான். இரண்டு மாதம் பேசவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன், கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்கினேன், பத்துதான் கிடைத்தது. அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும் அவருக்குத்தான் முதல் வாசிப்பு. அவர் வேண்டாம் என்றால் அந்த எழுத்து என் நோட்டோடு இருக்கும். அதே போல என் கடைக்கு வரும் காகிதங்களில் நான் பார்க்கும் எதையும் எழுதமாட்டேன். இறப்புச் சான்றிதழ் நகல் எடுக்க வருகிறவர் என்னை நம்பித்தான் அதைக் கையில் கொடுக்கிறார்.

பன்னிரண்டு பேரும் கடைசி வரை இருக்கமாட்டார்கள். சிலர் மூன்று மாதத்தில் பென்சிலைத் தொடுவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை கேட்பேன், இரண்டாவது தடவை கேட்கமாட்டேன். அவர்களுடைய தாளும் பென்சிலும் வேறு ஒருவருக்குப் போகும். இப்போது என்னிடம் உள்ள பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் முதலில் இருந்தவர்கள்.

அண்ணன் திரும்பப் பேச ஆரம்பித்த பிறகு, போன வருஷம் அவனாகவே கடைக்கு வந்து, அந்தப் பாத்திரக் கதையில் ஒரு குண்டாவை நான் விட்டுவிட்டதாகச் சொன்னான். கழுத்து நசுங்கின பித்தளைக் குண்டா. அதை மீட்கவே முடியவில்லையாம். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். இந்த மாதத் தாள் அந்தக் குண்டாவைப் பற்றித்தான். அண்ணன் படித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டான், ஒரு புள்ளிகூட வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். முறத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தள்ளி வைக்காமலே, "ம், சொல்லு" என்பாள்.